திலக மாற்று விழா

மலர்விழியின் கோழிகளுக்கு விடியற்காலையில் மழை பெய்தது. மோகனூர்ப் பக்கம் காவிரிக் காற்று சில்லென்று ஷெட்டுக்குள் நுழையும் நேரம் பார்த்து, கூரைக்குக் கீழே ஓடும் குழாய்களில் ஃபாகர்கள் திறந்து புகைபோலத் தண்ணீரைப் பீய்ச்சும். கோழிகள் நனைந்து ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். உச்சிவெயிலில் கூரைத் தகரம் கொதித்து, கோழிகள் இறக்கையை விரித்து வாயைப் பிளக்கும் நேரத்தில் ஃபாகர்கள் ஓய்வெடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது அருள்மிகு பொன்வேலப்பர் பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி.

அதற்கு முன்பு அவளிடம் ஒரு ஸ்டார்டர் பெட்டி இருந்தது. பச்சைப் பித்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். எப்போது எதை அமுக்குவது என்பதைக் கோழிகளின் வாயைப் பார்த்தே மலர்விழி தெரிந்துகொள்வாள். அவளுடைய கணவன் ரமேஷ்குமார் போர்வெல் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போய் மாதக்கணக்காகிறது. பண்ணைக்கு அவளும், கூலிக்கு வரும் அங்கம்மாளும்தான்.

அந்த நிலையில்தான் கல்லூரி அவள் பண்ணையைத் தத்தெடுத்தது. தத்துப் போகிற பிள்ளையை யாரும் சம்மதம் கேட்பதில்லை, அவளையும் கேட்கவில்லை. ஒரு பஸ் நிறைய ஆட்கள் பேனரோடு வந்து இறங்கினார்கள். நுண்கட்டுப்பாட்டு உயர்சிறப்பு மையத்தின் தலைவர் பேராசிரியர் அறிவழகன், உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்சுற்று போர்டைச் சுவரில் மாட்டி, வெயில் ஏறினால் அதுவே தண்ணீர் அடிக்கும், இறங்கினால் அதுவே நிறுத்தும் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். போகும்போது ஸ்டார்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது இப்போது கல்லூரி அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள், 'முன்னோர் பயன்படுத்திய கருவிகள்' என்ற பலகைக்குக் கீழே இருக்கிறது. மலர்விழி அதைப் போன வருஷம்தான் வாங்கியிருந்தாள்.

உள்ளூர் எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, "காலேஜ்காரங்க போட்ட ஒயருங்க. நான் கை வெச்சு எதாச்சும் ஆச்சுன்னா என்ற தலையில வந்து விடியுமுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மலர்விழி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து, துணியில் சுற்றி, வெயிலை அளக்கும் சென்சார் மேல் கட்டினாள். போர்டு குளிர்காலம் வந்துவிட்டதாக நம்பித் தண்ணீர் அடித்தது. ஆனால் வெயில் தாழ்வதற்கு முன்னால் ஐஸ் கரைந்துவிடுகிறது. கரைந்தவுடன் போர்டுக்குப் புத்தி தெளிந்து நிறுத்திவிடுகிறது. தினமும் சாயங்காலம் செத்த கோழிகளைக் குழியில் போடும்போது அவளுக்கு அழுகை முட்டும். கத்திரி வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அறிவழகனுக்குப் போன் செய்தாள்.

"தப்புன்னு சொல்லக்கூடாதும்மா. ஒரு குறி தலைகீழா விழுந்திருக்கு, அவ்வளவுதான். புரோகிராமைத் திருத்தி வெச்சிருக்கேன். போர்டைக் கொண்டாங்க, அஞ்சு நிமிஷத்துல ஏத்தித் தாரேன்" என்றார் அவர். அந்த ஐஸ் விஷயம் புதுமையாக இருக்கிறது, அதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை போடலாம் என்றும் சொன்னார்.

போர்டை, சென்சார் ஒயரோடு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, அங்கம்மாளிடம் தண்ணீர் ஹோஸைக் கொடுத்துவிட்டு, நாமக்கல்லில் பஸ் மாறிக் கல்லூரி வாசலில் இறங்கினாள். ராசிபுரத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில், கோயில் கோபுரத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவாந்தரமான ஒரு நுழைவாயில் அது. உயர்சிறப்பு மையத்தின் புது அறை திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் காய்ந்த மாலை, நசுங்கிய எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம். ஏசி குளிரில் மலர்விழிக்குக் கற்பூர வாசனை அடித்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

மையத்தின் உதவிப் பேராசிரியை கௌசியா, சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பெண், போர்டை யுஎஸ்பி ஒயரால் ஒரு கம்ப்யூட்டரில் இணைத்தாள். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவழகன் ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் எர்ரர் என்று வந்தது. போர்டு என்று ஒன்று இருப்பதாகவே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

"விளக்கு எரியுது பாருங்க. அப்ப எல்லாம் சரியா இருக்கு" என்றார் அறிவழகன்.

கௌசியா குனிந்து, ஒயர் செருகியிருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

அடுத்தது போர்டின் ரீசெட் பித்தானை அமுக்கிப் பார்ப்பது. இதற்குக் கல்லூரியில் ஒரு முறை உண்டு. முதலில் உதவிப் பேராசிரியை அமுக்கினாள். பிறகு இணைப் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து அமுக்கினார். பிறகு அறிவழகன். பிறகு துறைத் தலைவர். முதல்வர் வகுப்பு ஆய்வில் இருந்ததால் மதியம் வரை காத்திருந்தார்கள். அவர் வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அழுத்தமாக அமுக்கினார். எர்ரர் வந்தது. முதல்வர் அமுக்கியே வரவில்லை என்றால் இது சாதாரணப் பிரச்சினை அல்ல என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 'பதிவேற்றத் தடை ஆய்வுக் குழு' அங்கேயே பிறந்தது.

அந்தக் குழு சும்மா இருக்கவில்லை. மேசையைக் கிழக்கு பார்த்துத் திருப்பியது. பிறகு திருப்பியதைத் திருப்பியது. போர்டு கோழிப்பண்ணையில் இருந்து வந்ததால் ஏசி குளிர் அதற்குப் பழகவில்லையோ என்று ஒருவர் கேட்க, அதை அரைநாள் வராந்தாவில் வைத்தார்கள். போர்டைக் கொண்டுவந்தவரின் பதற்றம் போர்டையும் பாதிக்கக்கூடும் என்று இன்னொருவர் கருத்துச் சொன்னதால் மலர்விழியையும் அதன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவள் மடியில் கைபேசி அடித்தது.

"ஆத்தா, ஹோஸ்ல தண்ணி பத்த மாட்டீங்குது. அந்தக் கோடிக் கூண்டுல ரெண்டு சாஞ்சுருச்சு. எப்ப வாரே?" என்றாள் அங்கம்மாள்.

"இத வாரேன்" என்றாள் மலர்விழி. அவள் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் போர்டு பதறும் என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்த முறை போனபோது முதல்வரே கூட்டம் போட்டிருந்தார். தரச்சான்று கொடுக்கும் குழு சீக்கிரம் வரப்போகிறது. அவர்கள் கண்ணில் இந்தச் சிவப்பு எழுத்து பட்டுவிடக்கூடாது என்பது அவர் கவலை.

"நம்ம கல்லூரியில தோல்விங்கற சொல்லுக்கே இடமில்லை" என்று அவர் மைக்கில் பேசினார், அறையில் பத்துப் பேர்கூட இல்லை என்றாலும். "ஒரு மாணவன் பரீட்சையில தவறினா நாம தவறினான்னு சொல்றோமா? மீண்டும் எழுதும் வாய்ப்பைப் பெற்றவன்னு சொல்றோம். வேலை கிடைக்காதவனை, சுயதொழில் முனைவோன்னு புத்தகத்துல போடறோம். மாணவனுக்கே இவ்வளவு செய்யற நாம, ஒரு கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடாதா? எர்ரருங்கற வார்த்தையை எடுங்க. பிரச்சினை தானா தீரும்."

அறிவழகன் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை செய்தார். எது நடந்தாலும், நடக்காவிட்டாலும், திரையில் பச்சை எழுத்தில் 'பதிவேற்றம் இனிதே நிறைவுற்றது' என்று வரும்படி செய்தார். அந்த உயர்சிறப்பு மையத்தில் எழுதப்பட்டு, முதல் தடவையிலேயே சரியாக ஓடிய புரோகிராம் அதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். மலர்விழிக்கு ஒரு பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஒயரையும் நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள்.

பூங்கொத்தோடு வீடு வந்து போர்டை மாட்டினாள். மறுநாள் விடியற்காலையில் மழை பெய்தது.

அவள் நனைந்த கோழிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையைக் கொட்டிப் பார்த்தபோது சந்தன வாசம் வந்தது. எங்கிருந்து என்று தேடினாள். ஒயரின் முனையில், கம்ப்யூட்டரில் செருகும் வாய்க்குள், மஞ்சளாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. ஊக்கால் சுரண்டி மோந்து பார்த்தாள். ஊதுபத்திக் கடை சந்தனம். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் குழாய் நிறையத் தண்ணீர் இருந்தும் கோழிக்குச் சொட்டு வராது. அவள் போர்டை மறுபடியும் துண்டில் சுற்றினாள்.

கௌசியாவை மையத்து வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஒயர் முனையைக் காட்டினாள்.

கௌசியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளை டீக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "முதல் நாளே தெரியும்க்கா. திறப்பு விழாவுல தாளாளர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தன் கையால பொட்டு வெச்சார். நெத்தியில வெக்காம, முன்னாடி இருக்கற யுஎஸ்பி ஓட்டைக்குள்ள வெச்சுட்டார். அதுக்குள்ள நாலு தகடு இருக்கு. ஓரத்து ரெண்டுல கரண்ட் போவும். நடுவுல இருக்கற ரெண்டுலதான் பேச்சு போவும். பொட்டு நட்ட நடுவுல விழுந்துடுச்சு. அதான் விளக்கு எரியுது, பேச்சு மட்டும் இல்ல. பின்பக்கத்து ஓட்டையில சொருகலாம்னா, திருடு போவும்னு அங்க இரும்புக் கூண்டு போட்டு, சாவியத் தாளாளர் ஊட்டு பீரோல வெச்சிருக்காங்க."

"அப்பத் தொடைச்சு உடறதுக்கு என்னங்க சாமி?"

"தாளாளர் வெச்ச பொட்டை யாருக்கா தொடைக்கறது? அறிவழகன் சார்கிட்ட சொன்னேன். எனக்கும் தெரியும், முதல்வருக்கும் தெரியும், குழுவுக்கும் தெரியும், அதைத் தவிர வேற காரணம் கண்டுபிடிக்கத்தான் குழுன்னு சொன்னார். என்னைத் தொடவே வேண்டாம்னார். அவர் சொன்னது சரிதான். நான் தொடைச்சா அது வேற கதை ஆயிடும்க்கா."

மலர்விழிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கௌசியாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. போகும் முன் கௌசியா ஒன்று சொல்லிக்கொடுத்தாள். திரையை நம்பக்கூடாது. சூடான டீ கிளாஸை சென்சார் பக்கத்தில் கொண்டுபோனால், இப்போது இருக்கும் புரோகிராமில் மோட்டார் ஓட வேண்டும் என்று காட்டும் போர்டின் பச்சை விளக்கு அணையும். சரியான புரோகிராம் ஏறியிருந்தால் டீயைக் கண்டதும் பச்சை எரியும்.

தாளாளர் அன்று கல்லூரியில்தான் இருந்தார். காரில் ஏறப்போனவரை மலர்விழி மறித்தாள். பின்னால் வந்த முதல்வரும் அறிவழகனும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே வெளுத்துப்போனார்கள்.

"ஏனுங்க, நீங்க வெச்ச பொட்டு கம்ப்யூட்டரு வாயை அடைச்சிருக்குதுங்க. என்ற கோழியெல்லாம் வெயில்ல சாவுதுங்க. கொஞ்சம் தொடைச்சு உடச் சொல்லுங்க."

தாளாளர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் முதலாளி. இப்போதும் ரிக்குகள் ஓடுகின்றன. அவர் கோபப்படவில்லை. நெற்றியைச் சொறிந்தார்.

"அட, ஆமாங்க. ரிக்குல துளை போடறதுக்கு முன்ன, பாறையைத் துளைக்கற பிட்டு வாயிலதான் பொட்டு வெப்போம். அந்தப் பழக்கத்துல, துளை எங்க இருக்குதுன்னு பார்த்து வெச்சுப்புட்டேன்" என்றவர், முதல்வர் பக்கம் திரும்பினார். "ஆனா வெச்ச பொட்டைச் சும்மா அழிக்கப்படாது. ஜோசியரைக் கேளுங்க. நல்ல நேரம் பார்த்து, அழிச்ச கையோட புதுசா வெச்சிரலாம்."

இப்படியாகத்தான் திலக மாற்று விழா வந்தது. ஜோசியர் அந்த வாரத்து வெள்ளிக்கிழமையைக் கொடுத்தார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முடிக்க வேண்டும். நெடுஞ்சாலை நெடுக ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதற்குள் நாமக்கல் வெயில் கத்திரிக்குக் காத்திராமல் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. அங்கம்மாள் குழியை அகலப்படுத்தினாள்.

வெள்ளிக்கிழமை மேடையில் தாளாளர் பேசினார்.

"நான் படிக்கலீங்க. அதனாலதான் காலேஜு கட்ட முடிஞ்சுது. படிச்சிருந்தா இதுல வேலைக்கு வந்திருப்பேன். ரிக் தொழிலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க. துளை போட்டா தண்ணி வருமான்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. வந்தாலும் வராட்டியும் அடிக்கணக்குக்கு வாங்கிக்குவோம். இங்க வருசக்கணக்குக்கு வாங்கிக்கறோம்."

பெற்றோர் வரிசை பலமாகக் கைதட்டியது.

பிறகு பன்னீர் தொட்ட பஞ்சோடு தாளாளர் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு போனார். அவர் வரிசையின் கடைசியை முடித்துவிட்டுப் புதுச் சந்தனத் தட்டுக்காக முன்னால் திரும்பியதும், கௌசியா ஸ்பிரிட்டில் நனைத்த பல் பிரஷ்ஷோடு கடைசிக் கம்ப்யூட்டரின் முன் குனிந்தாள். துடைப்பது அதிகாரபூர்வமாக ஆரம்பித்துவிட்டதால் இனி யார் துடைத்தாலும் அது விழாவின் பகுதிதான். மலர்விழி ஒயர் முனையை நன்றாகத் தேய்த்தாள். நடுவில் முதல்வர் உரை இருந்தது. அவர் எப்போதும் முக்கால் மணி நேரம் பேசுவார். அந்த முக்கால் மணி நேரத்தை நம்பித்தான் இருவரும் இருந்தார்கள்.

ராகுகாலம் நெருங்குவதைப் பார்த்த முதல்வர், தம் வாழ்நாளில் முதல் முறையாக, "நன்றி வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

தாளாளர் முதல் கம்ப்யூட்டரில் இருந்து பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கௌசியா அவசரமாகப் போர்டை இணைத்து, திருத்திய புரோகிராமை ஏற்றும் பொத்தானைத் தட்டினாள். திரையில் 'பதிவேற்றம் இனிதே நிறைவுற்றது' என்று வந்தது. மலர்விழி டீ கிளாஸைச் சென்சார் பக்கத்தில் பிடித்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

"ஏறலக்கா. இன்னொரு தடவை பாக்கறேன்" என்று கௌசியா ஸ்பிரிட்டைத் துடைத்துக் காயவைக்க ஊதினாள். அவள் நெற்றி வியர்த்திருந்தது. தாளாளரின் சந்தன விரல் இரண்டு கம்ப்யூட்டர் தள்ளி இருந்தது.

மலர்விழி தன் மாமியார் காலிலும் விழுந்தவளில்லை. ஓடிப்போய்த் தாளாளர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"எந்திரிங்க, எந்திரிங்க. யாரு ஊட்டுப் பொண்ணுங்க நீங்க?"

அவள் எந்திரிக்கவில்லை. "எங்கூட்டுக்காரரும் ரிக்குலதானுங்க போறாரு" என்றாள் தரையைப் பார்த்தபடி.

"அப்படியா? எந்தப் பக்கம்?"

"சத்தீஸ்கருங்க."

"அங்க கல்லு கெட்டியாச்சே. எத்தனை அடிக்குப் போவுதாம்?"

ரிக் ஆட்கள் அடிக்கணக்கு பேச ஆரம்பித்தால் ராகுகாலமும் காத்திருக்கும். தாளாளர் சத்தீஸ்கர்ப் பாறையைப் பற்றியும், ஒரு முறை பிட் உள்ளே சிக்கிக்கொண்டதைப் பற்றியும் சொன்னார். முதல்வர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். மலர்விழி தரையில் கன்னத்தை வைத்தபடி மேசைக் கால்களுக்கு இடையே பார்த்தாள். கௌசியாவின் கை டீ கிளாஸோடு சென்சார் பக்கம் போனது. கீழிருந்து விளக்கு தெரியவில்லை. பிறகு கௌசியா குனிந்து, மேசைக்கு அடியில் அவளைப் பார்த்து, ஒரு தடவை தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

மலர்விழி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். போர்டில் பச்சை விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கௌசியா ஒயரைப் பிடுங்கிய மறு கணம் சந்தன விரல் வந்து கம்ப்யூட்டரின் வாயை அடைத்தது. அதோடு நிற்காமல் தாளாளர் மேசை மேல் இருந்த போர்டையும் பார்த்தார்.

"இதுக்கு வெக்கவே இல்லையே" என்று, அதன் ஓரத்தில் ஒயர் செருகும் சின்ன வாயைத் தேடிப் பிடித்து, தாராளமாக ஒரு பொட்டு வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் கௌசியா பிரஷ்ஷை எடுத்தாள். "குடுங்கக்கா, இதைத் தொடைச்சுத் தாரேன்."

"இருக்கட்டுஞ் சாமி" என்று மலர்விழி போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் கோழிகள் நனையவில்லை. வெயில் ஏறி, கோடிக் கூண்டுக் கோழி முதலில் வாயைத் திறந்ததும் மோட்டார் ஓடியது. கூரை முழுக்கத் தண்ணீர் புகையாக இறங்கியது. அங்கம்மாள் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு அதற்குள் போய் நின்றுகொண்டாள். அந்த நேரத்தில்தான் அறிவழகன் போன் செய்தார்.

"சக்ஸஸ்ங்களா? ரொம்பச் சந்தோஷம். அதைவிட மேலா ஒரு புரோகிராம் எழுதியிருக்கோம்மா. கோழி என்ன நெனைக்குதுன்னு அதுவே கணிச்சுத் தண்ணி அடிக்கும். தரச்சான்றுக் குழு வர்றதுக்குள்ள ஏத்திடணும். போர்டைக் கொண்டாங்க."

மலர்விழி சுவரில் இருந்த போர்டைப் பார்த்தாள். பொட்டு நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது.

"கொண்டாரனுங்க சார். ஆனா ஏத்தற வாயில தாளாளர் அவரு கையால வெச்ச பொட்டு இருக்குதுங்க. நீங்க வந்து தொடைச்சுக் குடுக்கறீங்களா?"

"தொடைக்காதீங்கம்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லி அறிவழகன் போனை வைத்தார். கோழிகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டிருந்தன.